எண்ணூறு கஜமும் வெண்டலின் கண்ணும்

எங்கள் மாவட்டத்தில் ஓபல் ஸ்கோகனைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. குளிர்காலத்தில் காலையில் எழுந்து பார்க்கும்போது பனி மூடிய சாலையை யாரோ வழித்துவிட்டுப் போயிருந்தால், அது ஓபல். கோடையில் மண் சாலையில் சாலையைச் சமப்படுத்துகிற ஒரு பெரிய மஞ்சள் இயந்திரம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு, பாதிச் சாலையை அடைத்தபடி, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தால் அதுவும் ஓபல்தான். பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வருவாள். "என்னப்பா, பொண்ணு பார்க்கவா போற? போ, போ, உன்னைப் பார்த்தா அவ கொஞ்சம் லேட்டாவே பார்க்கட்டும்னுதான் தோணுது" என்று சொல்லிவிட்டுத்தான் வழி விடுவாள்.

வார நாட்களில் அவளுக்குச் சாலை வேலை. சனி ஞாயிறுகளில் ரைஃபிள். மான் சுடுவதற்கு எல்லோர் வீட்டிலும் ரைஃபிள் இருக்கிறது, அது வேறு. ஓபல் சுடுவது இரும்புத் தகடு. மேய்ச்சல் நிலத்துக்கு அப்பால், கண்ணுக்கெட்டிய மேட்டில், சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிய தகட்டைத் தொங்கவிட்டுவிட்டு, இந்தப் பக்கம் குப்புறப் படுத்து, மூச்சைப் பாதி விட்டு நிறுத்திச் சுட வேண்டும். பட்டால், நாம் மறந்தே போன பிறகு, 'டங்' என்று ஒரு சத்தம் காற்றில் மிதந்து திரும்பி வரும். அந்தச் சத்தத்துக்குப் பைத்தியம் பிடித்தவர்கள் சேர்ந்துதான் எங்கள் சங்கம். அதில் புள்ளி எழுதுகிறவன் நான். சுடுவதில் எனக்குப் பெரிய திறமை இல்லை என்பதால் அந்த வேலை தானாக என்னிடம் வந்து சேர்ந்தது.

ஓபலின் கணவன் வெண்டல் மாடு வளர்க்கிறவன். கல்யாணத்துக்கு முன்னால் அவளை முதல்முறையாக வெளியே அழைத்துப்போனது சினிமாவுக்கோ நடனத்துக்கோ அல்ல, ஊருக்கு வெளியே இருக்கிற ஜல்லிக் குழிக்கு. தன் சுடும் திறமையைக் காட்டலாம் என்று நினைத்தான். அவன் சுட்ட எதுவும் தகர டப்பாவில் படவில்லை. ஓபல் ரைஃபிளை வாங்கி, "எவ்வளவு தூரம் இருக்கும்?" என்று கேட்டாள். அவன் கண்ணை இடுக்கிப் பார்த்துச் சொன்னான். அவள் சுட்டாள். டப்பா பறந்தது. "சரி, நீ சுடு, நான் தூரம் சொல்றேன்" என்றானாம் வெண்டல். அதையே கல்யாணப் பேச்சாக எடுத்துக்கொண்டதாக ஓபல் சொல்வாள்.

தூரம் சொல்வது சின்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். குண்டு நேர்கோட்டில் போவதில்லை. எறிந்த கல் மாதிரி வளைந்து இறங்கிக்கொண்டே போகும். எண்ணூறு கஜத்தில் இருக்கும் தகட்டை எண்ணூற்றைம்பது என்று நினைத்துக்கொண்டு சுட்டால், குண்டு தகட்டுக்கு மேலே கிட்டத்தட்ட அரைக் கஜம் தள்ளிப் பறந்து போய்விடும். எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் தூரம் பிசகினால் எல்லாம் வீண். வெண்டலுக்கோ அந்தக் கணக்கு கண்ணிலேயே இருந்தது. சாராயக்கடை ஜன்னலில் நின்று தானியக் கிடங்கைக் காட்டி, ரயில்வே கம்பத்தைக் காட்டி, தூரம் சொல்லிப் பந்தயத்தில் அவன் குடித்த பியருக்கு அளவே கிடையாது.

லேசர் தூரமானிகள் வந்தபோது எல்லோரும் வாங்கினோம். கையில் அடங்குகிற சின்னப் பெட்டி. கண்ணில் வைத்து, வட்டத்துக்குள் இலக்கைப் பிடித்து, பட்டனை அழுத்தினால் உள்ளே தூரம் எண்ணாகத் தெரியும். வெண்டல் மட்டும் தொடமாட்டான். "கண்ணு இல்லாதவனுக்குத்தான் கைத்தடி வேணும்" என்பான்.

போன வருஷம் எங்கள் ஜோடிப் போட்டியில்தான் சங்கடம் ஆரம்பித்தது. அதில் இருவர் இருவராகப் போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் தகடு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதும், தூரம் அறிவதும், விசில் ஊதுவதற்குள் சுடுவதும் அவர்கள் பாடு. வழக்கமாக மேலே இருக்கிற ஸ்கோகன் ஜோடி அன்றைக்குக் கடைசிக்கு முந்தின இடம். ஓபல் சுட்ட குண்டுகள் எங்கே போயின என்றே தெரியவில்லை. புழுதிகூடக் கிளம்பவில்லை. எல்லாம் மேட்டின் முதுகைத் தாண்டி ஆகாயத்தில் போய்விட்டிருக்கின்றன.

"துப்பாக்கிக் குழாய் தேஞ்சு போச்சு" என்றான் வெண்டல்.

ஓபல் குழாயை மாற்றினாள். தோட்டாவில் போடுகிற மருந்தை மாற்றினாள். தோள்வலிக்காக ஒரு வைத்தியரிடம்கூடப் போய் வந்தாள். ஆனால் சங்கத்து மைதானத்தில், தூரம் எழுதி வைத்த பலகைக்குப் பக்கத்தில் படுத்துச் சுட்டால் ஒன்றுகூடத் தப்பவில்லை. வெண்டலோடு வெளியே போனால்தான் எல்லாம் தலைக்கு மேலே போயிற்று.

வசந்தத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் என் வீட்டு வாசலில் மஞ்சள் இயந்திரம் வந்து நின்றது.

"ஆர்லோ, உன் தூரமானியை ரெண்டு நாள் குடு."

"வெண்டலுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உங்கிட்ட எதுக்கு வரேன்?"

திருப்பிக் கொண்டுவந்தபோது அவள் முகம் சரியாக இல்லை. "இது பொய் சொல்லுதா ஆர்லோ?" என்று கேட்டாள்.

"இல்லையே. ஏன்?"

"சொல்லிச்சுன்னா நல்லாயிருந்திருக்கும்" என்றாள். வெண்டல் சொல்கிற ஒவ்வொரு தூரமும் உண்மையைவிட அதிகமாக இருந்ததாம். பக்கத்தில் கொஞ்சம், தூரத்தில் நிறைய. அவனிடம் எதுவும் சொல்லாமல், தான் ஒரு தூரமானி வாங்கப்போவதாக மட்டும் அறிவித்துவிட்டாள். "எனக்கு வயசாகுது, நீ இல்லாதப்போ தனியா சுடணும்னா வேணும்ல?" என்று ஒரு காரணம் வேறு.

வெண்டல் இரண்டு வேளை பேசவில்லை. மூன்றாவது வேளை பசித்ததால் பேசினான்.

கடைக்கு நானும் கூடப் போனேன். துப்பாக்கிக் கடை வைத்திருக்கும் ராய்ஸ் நல்ல பிள்ளை, ஆனால் வாயைத் திறந்தால் அட்டைப்பெட்டியில் அச்சடித்ததுதான் வரும்.

"இதப் பாருங்க ஓபல், நாலாயிரம் கஜம் வரைக்கும் அடிக்கும்."

"எது மேல அடிச்சா?"

"எது மேலன்னா?"

"நாலாயிரம் கஜத்துல என்ன இருந்துது? மாடா, மண்ணா?"

ராய்ஸ் பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தான். "ஒளியைத் திருப்பி அனுப்பற பலகை... ரோட்டு போர்டு மாதிரி."

"ரோட்டு போர்டு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்ப்பா. நான்தான் நட்டேன்."

முதல் ஒரு மணி நேரம் அந்தக் கடையில் அவள் எதையும் கண்ணில் வைத்துப் பார்க்கவே இல்லை. தடிமனான பனிக் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றின் பட்டனையும் அழுத்திப் பார்த்தாள். இரண்டு பட்டன் ஒட்டி இருந்தால் ஓரமாக வைத்துவிட்டாள். பிறகு கதவைத் திறந்து வெளியே போய், இருண்ட கொட்டகைக்குள் பார்த்து எண் தெரிகிறதா என்று பார்த்தாள். கறுப்பு எண்கள் இருட்டில் கரைந்துவிட்டன. சிவப்பு எண்கள் நின்றன. கடைசியில் இரண்டு பெட்டிகள் தேறின. ஒன்று அந்த நாலாயிரம் கஜம். மற்றொன்று யாரும் கேட்காமல் அலமாரி மூலையில் கிடந்த, குட்டையான, சோப்புக் கட்டி மாதிரி ஒன்று.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போறேன். ஞாயித்துக்கிழமை திருப்பித் தரேன்."

"ஓபல், அப்படியெல்லாம் கடையில..."

"போன டிசம்பர்ல உன் கார் பள்ளத்துல கிடந்துது. யார் இழுத்தா?"

ராய்ஸ் இரண்டையும் பையில் போட்டுக் கொடுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்கோகன் மேய்ச்சல் நிலத்தில் கூடினோம். வெண்டலின் தம்பி லேனும் வந்திருந்தான். அவனிடம் எல்லாமே ஊரிலேயே விலை அதிகமானதாக இருக்கும். தூரமானி உள்ளே வைத்த பெரிய பைனாகுலர் கழுத்தில் தொங்கியது. காற்று, குளிர், சரிவு எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுச் சொல்லுமாம்.

"காப்பி போடுமா?" என்றாள் ஓபல்.

"அடுத்த மாடல்ல வருமாம்" என்றான் லேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

ஓபல் அதற்கு முந்தின நாளே வேலையை முடித்திருந்தாள். சாலைக்காரர்கள் தள்ளிக்கொண்டு போகிற அளவுச் சக்கரம் ஒன்று அவளிடம் உண்டு. அதைப் புல்வெளியில் தள்ளிக்கொண்டு போய், வைக்கோல் உருண்டை, வேலிக் கம்பம், ஓடைக்கரை மண்மேடு என்று ஒவ்வொன்றுக்கும் உண்மையான தூரத்தை எடுத்து வைத்திருந்தாள். வெண்டல் மடக்கு நாற்காலியைப் போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒவ்வோர் இலக்குக்கும் முதலில் அவன் கண்ணால் சொல்ல வேண்டும், பிறகு பெட்டிகள் என்று லேன்தான் போட்டியாக்கினான்.

வைக்கோல் உருண்டைக்கு வெண்டல் சொன்னது ஒன்று. லேனுடையதையும் சேர்த்து மூன்று பெட்டிகளும் சொன்னது வேறு. மூன்றும் சக்கரத்தோடு ஒத்துப்போயின.

"மூணும் ஒரே ஃபேக்டரில செஞ்சது" என்றான் வெண்டல்.

அடுத்தது, நல்ல வெயிலில் நின்றிருந்த கறுப்பு மாடு. நாலாயிரம் கஜம் போகிற பெட்டி அதைப் பார்த்து வெறும் கோடு கோடாகக் காட்டியது. எத்தனை முறை அழுத்தினாலும் கோடுதான். சோப்புக் கட்டி, ஓபல் அதைக் கேமரா முக்காலியில் பொருத்தி ஆடாமல் பிடித்ததும், எண்ணைக் கக்கியது.

"ராய்ஸோட பெட்டிக்கு மாடு பிடிக்காது போல. சைவம்" என்றேன். வெண்டல்கூடச் சிரித்தான்.

பிறகு வேடிக்கை நடந்தது. மேட்டு விளிம்பில் ஆகாயத்தைப் பின்னணியாக வைத்துக்கொண்டு தனியாக ஒரு வேலிக் கம்பம் நின்றது. லேனின் பைனாகுலர் கம்பத்துக்கு எண் காட்டவே இல்லை. ஆனால் வட்டத்தைக் கம்பத்தை விட்டு வெறும் வானத்துக்கு நகர்த்தினால், உடனே கம்பத்தின் தூரம் வந்தது. ஓபல் அதை வாங்கி, இடமிருந்து வலமாக அங்குலம் அங்குலமாக நகர்த்திப் பார்த்தாள்.

"லேன், உன் வட்டம் ஒரு பக்கம் பார்க்குது, ஒளி இன்னொரு பக்கம் போகுது. கீழ போட்டியா?"

"நானா? சேச்சே."

"லேன்."

"...ட்ரக் கூரை மேல வெச்சுட்டு வண்டிய எடுத்துட்டேன். ஒரே ஒரு தடவை."

வெண்டல் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டான். "பாத்தியா! பாத்தியா! நான் என்ன சொன்னேன்? பெட்டி பொய் சொல்லும்! மனுஷன் கண்ணு ட்ரக் மேல இருந்து விழாது!" என்று கையை வீசினான். அந்த உற்சாகத்தில், பக்கத்துப் பண்ணையின் வேலிக்கு அப்பால் கையை நீட்டினான். "அதோ படுத்திருக்கே கறுப்பு மாடு, அது சரியா எழுநூத்தி அம்பது. போடு உன் பெட்டிய. இந்தத் தடவை நான் ஜெயிப்பேன்."

ஓபல் அந்தப் பக்கம் பார்த்தாள். பெட்டியை எடுக்கவில்லை.

லேன்தான் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். "வெண்டல், அது மாடு இல்லப்பா, டயரு!"

சுரங்க லாரிகளின் ராட்சத டயரைப் பாதியாக வெட்டித் தண்ணீர்த் தொட்டியாகப் போடுவோமே, அதுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் போன வாரம் புதிதாகக் கொண்டுவந்து போட்டது.

"மாடுதான். இப்பத்தான் தலையைத் தூக்கிச்சு" என்றான் வெண்டல்.

லேனின் சிரிப்பு பாதியில் நின்றுபோயிற்று. வெண்டல் எங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தான். மறுபடி டயரைப் பார்த்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மீண்டும் பார்த்தான்.

நானும் லேனும் வேலியைச் சரிபார்ப்பது போல அந்தப் பக்கம் போனோம். ஆனால் எங்கள் ஊர்க் காற்று எதையும் ஒளித்து வைக்காது. அவர்கள் பேசியது முழுக்க எங்களுக்குக் கேட்டது.

"ஓபல், எனக்கு அது மாடாத்தான் தெரியுது."

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சந்தேகம் குளிர்காலத்துலயே வந்துது. இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

"அந்தக் குழாய்?"

"நல்ல குழாய். லேனுக்கு விக்கலாம்."

பிறகு வெண்டல் சொன்னான்: "ஊருக்கு வண்டி ஓட்டறப்போ, ரோடு எங்க திரும்பும்னு எனக்கு மனப்பாடம். எதிர்ல வண்டி வந்தா வெளிச்சம் தெரியும். அத வெச்சுத்தான் ஓட்டறேன். உங்கிட்ட சொல்லல."

"அடப்பாவி! நான் பக்கத்துல தூங்கிட்டு வரேன்!"

"அதான் சொல்லல."

ஓபலுக்குக் கோபம் வந்து, அடுத்த நொடி அழுகை வந்து, அதற்கடுத்த நொடி சிரிப்பும் வந்துவிட்டது. வண்டிச் சாவியை அவன் சட்டைப் பையிலிருந்து தானே எடுத்துக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை. "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. கடைசில எங்க குரலை வெச்சுத்தான் எங்களைக் கண்டுபிடிப்பாரு" என்றான். அந்தப் பயத்தில்தான் இத்தனை நாள் டாக்டர் பக்கமே போகாமல் இருந்திருக்கிறான்.

பில்லிங்ஸ் நகரத்தில் இருக்கும் கண் டாக்டர் ஒரு சின்ன விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்று சொன்னார். குருடாகப் போகிற விஷயமில்லை, எடுத்துவிடலாம் என்றார். தூரமெல்லாம் ஏன் அதிகமாகத் தெரிந்தது என்று ஓபல் கேட்டதற்கு, "மூடுபனியில மலை எப்படித் தெரியும்? மங்கலாத் தெரியறத மூளை தூரம்னுதான் எடுத்துக்கும்" என்றாராம். வெண்டலுக்கு இதைக் கேட்டு ஒரே நிம்மதி. கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது, பனிதான் உள்ளே இருந்தது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்.

கோடையின் தொடக்கத்தில் வலது கண்ணை முதலில் செய்தார்கள். கட்டு அவிழ்த்த மறுநாள் நான் பார்க்கப் போனேன். வெண்டல் வாசலில் நின்று எதிரே இருந்த பெரிய மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆர்லோ, ஒவ்வொரு இலையும் தனித்தனியா இருக்குடா."

"எப்பவும் அப்படித்தான் இருந்துது."

உள்ளேயிருந்து ஓபல் காப்பியோடு வந்தாள். வெண்டல் அவளை உற்றுப் பார்த்தான். ஒரு கண்ணை மூடினான், திறந்தான், மற்றக் கண்ணை மூடினான்.

"உனக்கு எப்ப நரைச்சுது?"

"அஞ்சாறு வருஷமாச்சு. உனக்கு எப்ப இவ்வளவு சுருக்கம் விழுந்துது, அதச் சொல்லு."

"எனக்கா?" என்று கண்ணாடி தேடிப் போனவன் வெகுநேரம் திரும்பவில்லை. கடைசியில் உள்ளேயிருந்து, "எங்கப்பா மாதிரியே ஆயிட்டேன்" என்று ஒரு குரல் மட்டும் வந்தது.

தூரமானியை ஓபல் அதற்கப்புறம்தான் வாங்கினாள். சொன்னபடி ராய்ஸிடம் முன்பே திருப்பிக் கொடுத்திருந்த இரண்டில் சோப்புக் கட்டியையே தேர்ந்தெடுத்தாள். அதன் ஒளிக்கற்றை குறுகலாக இருந்ததால் பக்கத்தில் இருக்கும் புல்லைத் தொடாமல் இலக்கை மட்டும் தொடும். முக்காலியில் பொருத்த அடியில் துளை இருந்தது. ஒரே பட்டன்; சிவப்பு எண். இதெல்லாம் முன்பே தெரிந்ததுதான். கடைசியாக ஒன்று பார்த்தாள். கண் வைக்கும் இடத்தில் இருந்த வளையத்தைத் திருப்பித் திருப்பி, ஒவ்வொருவர் பார்வைக்கும் தக்கபடி எண்ணைத் தெளிவாக்க முடிந்தது. வெண்டலைக் கடை வாசலுக்குக் கூப்பிட்டு அவன் வலது கண்ணில் வைத்தாள்.

"படி."

"முன்னூத்தி பன்னெண்டு. அது என்ன, தபால் ஆபீஸ் கொடிக்கம்பமா? கொடியில இருக்கற நட்சத்திரமெல்லாம் தெரியுது!"

"கொடிய விடு. எண்ணு தெளிவா இருக்கா?"

"எண்ணும் தெளிவா இருக்கு. நட்சத்திரமும் தெளிவா இருக்கு."

"ராய்ஸ், இதையே குடு" என்றாள்.

ஜோடிப் போட்டி அறுவடைக்கு முன்னால் நடந்தது. ஒரு கண் புதிது, ஒரு கண் பழசு என்று வெண்டல் வந்து நின்றான். பழசை ஒரு கறுப்புத் துணியால் மறைத்திருந்தான். கடற்கொள்ளைக்காரன் வந்துவிட்டான் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். தகட்டைத் தேடுவது, தூரம் எடுப்பது, காற்றைச் சொல்வது எல்லாம் அவன் பொறுப்பு. ஓபலுக்குச் சுடுவது மட்டும்.

முதல் இரண்டு இடங்களில் ஒன்றும் தப்பவில்லை. 'டங்', 'டங்' என்று சத்தம் வர வர ஓபலின் தோள்கள் இறங்கி இளகியதை நான் பின்னாலிருந்து பார்த்தேன். மூன்றாவது இடத்தில் எல்லா ஜோடிகளும் தடுமாறியிருந்தன. ஓடைக்கு அப்பால் ஒரு தகட்டை யாராலும் கண்டுபிடிக்கவே முடியவில்லை. வெண்டல் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "ஜூனிப்பர் புதருக்குக் கீழ, இடது ஓரம், பாதி நிழல்ல" என்றான். எனக்கே அது அங்கே இருப்பது தெரிந்திருந்தும் கண்டுபிடிக்க நேரம் ஆனது.

ஆனால் பெட்டியில் இரண்டு எண் மாறி மாறி வந்தது. முன்னால் இருந்த புதர் ஒன்று, பின்னால் இருந்த தகடு ஒன்று.

"எது?" என்றாள் ஓபல், ரைஃபிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதான் தெரியல. அறுநூத்தி நாப்பதுன்னுது, அறுநூத்தி எழுபத்தொண்ணுன்னுது."

"தகட்ட விடு. தகடு நிக்கற மண்ணுல, புதர் இல்லாத இடமாப் பார்த்து அடி."

அவன் வட்டத்தைப் பக்கத்தில் இருந்த வெறும் மண்கரைக்கு நகர்த்தினான். "எழுபத்தொண்ணு! எழுபத்தொண்ணு!" என்று கத்தினான். ஓபல் ரைஃபிள் தொலைநோக்கியின் திருகைத் திருப்பிச் சுட்டாள். நிழலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. அன்றைக்கு அந்தத் தகட்டைத் தொட்டது அவர்கள் மட்டும்தான். மற்ற ஜோடிகள்கூடக் கை தட்டினார்கள்.

இப்படியே போயிருந்தால் முதல் பரிசுதான். கடைசி இடத்தில் வெண்டல் தூரத்தைச் சரியாகச் சொன்னான். காற்றைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஓபல் காத்திருந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"வெண்டல், காத்து!"

அவன் பெட்டியைத் தகட்டை விட்டு மேலே திருப்பியிருந்தான்.

"வெண்டல்!"

"ஓபல், அந்த மேட்டு மேல ஒரு பருந்து கூட்டுல குஞ்சுக்கு இரை ஊட்டுது பாரேன். குஞ்சோட வாய் தெரியுது!"

"எனக்குக் காத்தச் சொல்லுடா மனுஷா!"

"காத்தா? இருக்கு. இடது பக்கம். கொஞ்சம்... இல்ல, நிறைய—"

விசில் ஊதிவிட்டது. ஓபல் ரைஃபிளைக் கீழே வைத்துவிட்டு, புல்லில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று நான் பதறிக் கிட்டே போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்க அந்தப் பருந்து? காட்டு" என்றாள். வெண்டல் தூரமானியை அவள் கண்ணில் வைத்து வளையத்தைத் திருப்பிக் கொடுத்தான். அடுத்த ஜோடி வந்து நிற்கிற வரைக்கும் இரண்டு பேரும் மாறி மாறி அந்தக் குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்களை எழுப்ப மனம் வரவில்லை.

மூன்றாம் இடம் கிடைத்தது. பரிசு, உறையவைத்த வான்கோழி ஒன்று. லேன் பைனாகுலரைப் பழுது பார்க்க அனுப்பியிருந்ததால் வெறுங்கையோடு வந்து ஆறாவதாகப் போனான்.

இலையுதிர் காலத்தில் வெண்டலுக்கு இடது கண்ணையும் செய்தார்கள். அதற்கு மறுவாரம் ஒரு காலையில் அவன் சமையலறைக்கு வந்து நின்று, சுவர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்திருக்கிறான். "இந்தச் சுவர் வெள்ளை தானே?" என்று கேட்டான். "வெள்ளையா இருந்துது" என்றாள் ஓபல். அன்றைக்கே போய்ப் பெயின்ட் வாங்கி வந்துவிட்டான். சமையலறையை முடித்தவன் கூடத்தை ஆரம்பித்தான், கூடத்தை முடித்ததும் வெளிச்சுவர் கண்ணில் பட்டது, அதற்கப்புறம் கொட்டகை. முதல் பனி விழுந்த அன்று காலையில் ஓபல் சாலையை வழித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தாண்டினாள். நான் கையசைத்ததும் இயந்திரத்தை நிறுத்தி ஜன்னல் வழியாகக் கத்தினாள்:

"ஆர்லோ, உங்க வீட்டுல ஏதாவது பெயின்ட் அடிக்கணுமா? ஆள் அனுப்பறேன். சாப்பாடு மட்டும் போட்டாப் போதும்!"